ஓட்டப்போட்டித் தோட்டாவுக்கு நான் போட்ட மருந்து

திகதி: 18.02.2025, செவ்வாய்க்கிழமை, மு.ப. 9.40. பெயர்: பாக்கியநாதர் கனிசியஸ். வயது: 54. முகவரி: இறங்குதுறைக்கு அருகில், குருநகர், யாழ்ப்பாணம். தொழில்: வள்ளங்களின் எஞ்சின் திருத்துதல். மதம்: ரோமன் கத்தோலிக்கம். படிப்பு: எட்டாம் வகுப்பு. அழைப்பாணை இன்றித் தானாகவே நிலையத்துக்கு வந்தவர். தான் சொல்வதைச் சொல்கிறபடியே தமிழில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால் அவ்வாறே பதியப்படுகிறது.

மேலே சொன்ன இடத்திலை என்ரை பட்டறையும் வீடும் ஒண்டாத்தான் இருக்கு. மனிசி செத்து ஒன்பது வருசம். பிள்ளையள் இல்லை. ஆசுபத்திரியிலை பொலிஸ் காவலிலை கிடக்கிற ஜெசிதா என்ரை தங்கச்சி பெர்னடெட்டின்ரை மகள். வயது இருபத்தேழு. அச்சுவேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலை விளையாட்டு ரீச்சர். வேலை கிடைச்சு ரெண்டு வருசம், இன்னும் நிரந்தரமாக்கேல்லை. போன வெள்ளிக்கிழமை அவளின்ரை கையிலை வெடிச்ச தோட்டாவுக்கு மருந்து போட்டது தான்தான் எண்டு அவள் உங்களுக்கு வாக்குமூலம் தந்திருக்கிறாள். அது பொய். மருந்து போட்டது நான். அதைச் சொல்லத்தான் வந்தனான்.

முதலிலையிருந்து சொல்லுறன், இடையிலை மறிக்காதேங்கோ சேர், மறிச்சால் நான் விட்டிடுவன். அந்தப் பள்ளிக்கூடத்திலை ஓட்டம் தொடக்கிறதுக்கு ஒரு பழைய பிஸ்ரல் இருக்கு. அதிபரின்ரை இரும்பு அலுமாரிக்குள்ளை பூட்டிக் கிடக்கும், அனுமதிப் பத்திரமும் இருக்கு. அதாலை குண்டு போகாது, சத்தமும் புகையும் மட்டும்தான் வரும். அதுக்குரிய வெற்றுத் தோட்டா கொழும்பிலையிருந்து வரவேணும். கடிதம் ரெண்டு தரம் போய் ரெண்டு தரமும் ஏதோ ஒரு படிவம் குறையுதெண்டு திரும்பி வந்திட்டுது. போன வருசம் பலகையைத் தட்டித்தான் ஓட்டம் விட்டவை. பாண்ட் வாத்தியச் சத்தத்துக்குள்ளை பலகை கேக்கேல்லை எண்டு ஒரு இல்லத்துப் பிள்ளையள் மறுப்புக் குடுத்து, பெற்றோர் மைதானத்துக்குள்ளை இறங்கி, பெரிய பிரளியாப் போச்சு. இந்த வருசம் பள்ளிக்கூடத்துக்கு நூறாவது ஆண்டு. பிஸ்ரல் இல்லாமல் ஓட்டம் விடேலாது எண்டு பழைய மாணவர் சங்கம் ஒற்றைக்காலிலை நிண்டுது.

ஜனவரி மாதம் ஒரு நாள் ஜெசிதா பட்டறைக்கு வந்து உதைச் சொல்லி அந்தரப்பட்டாள். என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. நான்தான் வாயைக் குடுத்தன். "சுட்டு முடிஞ்ச தோட்டாவின்ரை வெறுங்கோது கிடந்தால் கொண்டா, நான் பாக்கிறன்" எண்டன். அதுக்குப் பிறகு அவள் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள்ளை பழைய கோதுகள் கொண்டு வந்து தந்தாள்.

கேள்வி: மருந்து உமக்கு எங்கிருந்து கிடைத்தது?

பதில்: ரெண்டு மருந்து இருந்தது. ஒண்டு கறுப்பு மருந்து, கோயில் பெருநாளுக்கு வெடி கட்டினதிலை மிஞ்சினது. மற்றது புகையில்லா மருந்து. அது ஒரு கமக்காரன் தண்ணிப் பம்ப் திருத்த வந்த நேரம், தன்ரை பயிர்க்காவல் துவக்கின்ரை பழந்தோட்டாக்களைக் கடலிலை போட்டுவிடு எண்டு தந்தது. நான் போடேல்லை. அந்த மனிசன் போன வருசம் மோசம் போட்டார்.

கேள்வி: இறந்தவர் மேல் பொறுப்பைப் போடுவது உமக்கு வசதியாக இருக்கிறது அல்லவா?

பதில்: வசதியோ இல்லையோ மனிசன் செத்துத்தான் போச்சு. செத்தவீட்டுக்கு நான் போனனான். அவரின்ரை பெண்சாதி பிள்ளையளைப் போய் உலுப்பாதேங்கோ.

கேள்வி: இந்த இரண்டு மருந்துக்கும் வித்தியாசம் உமக்கு எப்படித் தெரியும்?

பதில்: இதைக் கேப்பியள் எண்டு தெரியும். 2009ஆம் ஆண்டு சண்டை முடியிற நேரம் நான் வன்னியிலை. முகாமிலையிருந்து கூட்டிக்கொண்டு போய் ரெண்டு வருசம் தடுப்பிலை வைச்சிருந்தவை. வன்னியிலை நான் வள்ளத்து எஞ்சின்தான் திருத்தினனான், துவக்குத் தூக்கேல்லை. அப்பவும் உதைத்தான் சொன்னன், நூறு தரம் சொன்னன், இப்பவும் உதுதான். கறுப்பு மருந்து புகைக்கும், உப்புக்காத்துப் பட்டால் ஈரம் பிடிக்கும். மற்றது ஈரத்துக்குச் சாகாது, ஆனால் புகையாது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இவ்வளவும் தெரிஞ்சதுதான் வினையாப் போச்சு.

அதுக்குப் பிறகு முதல் தரம் கறுப்பு மருந்தைப் போட்டுக் குடுத்தன். ஜனவரி முப்பதாந் திகதி தெரிவுப் போட்டி. ஜெசிதா சுட, முதல் ரெண்டு வெடி நல்லாப் போச்சுது, மூண்டாவது கிளிக் எண்டுது, நாலாவதும் கிளிக் எண்டுது. ஓடுற பிள்ளையள் குனிஞ்சு நிண்டு, எழும்பி, திரும்பக் குனிஞ்சு, ஒருத்தி முன்னாலை பாய்ஞ்சு விழுந்து முழங்கால் தேஞ்சுது. சனம் கூ அடிச்சுது. உப அதிபர் மைக்கிலை, "ரீச்சருக்குப் பிஸ்ரல் பிடிக்கத் தெரியாட்டி சொல்லலாம்" எண்டு சொன்னவராம். பின்னேரம் அவள் பட்டறைக்கு வந்து உதைச் சொல்லிப்போட்டு, ரின்னை என்ரை மேசையிலை வைச்சாள். சின்ன வயசிலை நூறு மீற்றரிலை மாகாணத்துக்கு ஓடினவள், மைதானத்திலை வைச்சு அவளை ஆரும் அப்பிடிச் சொன்னதில்லை. எனக்கு அந்த உப அதிபரைத் தேடிப் போய் அறையவேணும் போலை இருந்தது. அறைஞ்சிருந்தால் உதோடை முடிஞ்சிருக்கும்.

அதுக்குப் பிறகு நான் புகையில்லா மருந்தைத் தெரிஞ்செடுத்தன். இது பிழைக்காது எண்டு அவளிட்டைச் சொல்லித்தான் குடுத்தன். பெப்ரவரி எட்டாந் திகதி சனிக்கிழமை ஒத்திகை. நானும் போனன். ஆறு வெடியும் ஆறாக வெடிச்சுது, ஒண்டும் பிழைக்கேல்லை. நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு நிண்டன். அப்ப அங்காலை முடிவுக் கோட்டிலையிருந்து செபநாயகம் மாஸ்ரர் கையை ஆட்டிக்கொண்டு வாறார். அவர் இளைப்பாறின விளையாட்டு மாஸ்ரர், நேரம் எடுக்கிற எட்டுப் பேருக்கும் தலைவர். வந்து என்னைத்தான் கேட்டார்.

"தம்பி, உதென்ன வெடி? புகையைக் காணேல்லையே."

நான் சொன்னன், "சத்தம் கேட்டதுதானே மாஸ்ரர்."

"சத்தத்துக்கு மணிக்கூடு அமத்தினால் நான் பொய்க்காரன். சத்தம் மைதானம் கடந்து வந்து சேரப் பிள்ளை ரெண்டு எட்டு வைச்சிடும். எங்களுக்குப் புகை வேணும். புகையைக் கண்டவுடனைதான் அமத்துவம். புகை இல்லாட்டி உந்தப் பிஸ்ரலைக் கொண்டு போய்க் குசினியிலை வையுங்கோ" எண்டு போட்டுப் போனார்.

மனிசன் சொன்னது சரி. அதுக்குப் பிறகு ஜெசிதா என்னைத் தனியக் கூப்பிட்டு, "மாமா, புதுசு வேண்டாம். பழைய மருந்தையே வடிவா வெயிலிலை காயவிட்டுத் தாங்கோ. ஒண்டு ரெண்டு பிழைச்சால் பிழைக்கட்டும், நான் ஏச்சு வாங்கிறன்" எண்டாள். இதை வடிவா எழுதுங்கோ சேர். அவள் கேட்டது பழைய மருந்து. வேறை ஒண்டும் அவள் கேக்கேல்லை.

பதின்மூண்டாந் திகதி வியாழக்கிழமை, அடுத்த நாள் இறுதிப் போட்டி. கறுப்பு மருந்தைக் காயவிட்டிருந்தன். கையிலை எடுத்துப் பாத்தால் காஞ்சமாதிரியும் இருக்கு, காயாதமாதிரியும் இருக்கு. மூண்டாவது வெடியிலை கிளிக் எண்டால், அந்த உப அதிபர் திரும்ப மைக்கைப் பிடிப்பான் எண்டதுதான் எனக்கு மண்டைக்குள்ளை நிண்டுது. அந்த நேரம் மேசையிலை ஒரு அவுட்போட் எஞ்சின் கழட்டிக் கிடந்தது. எங்கடை ஆக்கள் எல்லாரும் வள்ளத்தைப் பெற்றோலிலை ஸ்ராட் எடுத்து, சூடேறினவுடனை மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடுறவை. எரிபொருள் இல்லாத காலத்திலை ரெண்டையும் கலந்தும் ஓடினவை, என்ன கோதாரியை எல்லாமோ கலந்து ஓடினவை, நான்தான் கலந்து குடுத்தனான், ஒரு எஞ்சினும் வெடிக்கேல்லை. முப்பது வருசம் உதைச் செய்தவனுக்கு வேறை எப்பிடிப் புத்தி போகும்? புகையில்லாதது பெற்றோல் மாதிரி, பிழைக்காமல் பத்தும். கறுப்பு மண்ணெண்ணெய் மாதிரி, புகைக்கும். ரெண்டையும் கலந்தால் அவளுக்கும் ஏச்சு இல்லை, மாஸ்ரருக்கும் புகை எண்டு நினைச்சன்.

அப்ப எனக்கு அது நல்ல யோசினையாத்தான் தெரிஞ்சுது. சந்தோசமாயும் இருந்தது. சீட்டி அடிச்சுக்கொண்டுதான் வேலை செய்தன்.

கேள்வி: எந்த அளவில் கலந்தீர்?

பதில்: அளவா? தராசு இல்லை, ஒண்டுமில்லை, கண்மதிப்புத்தான். அதுதான் விசர்த்தனம். ஒரு தோட்டாவுக்கும் மற்றத் தோட்டாவுக்கும் என்ன வித்தியாசம் எண்டு எனக்கே தெரியாது. இந்த ரெண்டு மருந்தையும் ஒருக்காலும் சேக்கக்கூடாது எண்டு ஆசுபத்திரியிலை நிண்ட ஒரு ஆமிக்காரன் வேறை ஆருக்கோ சொல்லிக்கொண்டு நிண்டதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். அண்டைக்கு ஒண்டைப் பட்டறையிலை வெடிக்க வைச்சுப் பாத்தன். நல்ல சத்தம், நல்ல புகை. அந்த ஒண்டு என்னை ஏமாத்திப் போட்டுது.

அதுக்குப் பிறகு பின்னேரம் ஐஞ்சு மணிபோலை ஜெசிதா தோட்டா எடுக்க வந்தாள். ரின்னைத் திறந்து பாத்தாள். வெளியிலை பாக்க எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். "பழையதுதானே மாமா?" எண்டு கேட்டாள். நான், "ஓம் பிள்ளை, பழையதுதான்" எண்டன். எதுக்கு அப்பிடிச் சொன்னன் எண்டு நீங்கள் கேக்கமுந்தி நானே சொல்லுறன். உண்மையைச் சொன்னால் அவள் வாங்கமாட்டாள் எண்டு எனக்குத் தெரியும்.

பதினாலாந் திகதி வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குப் போட்டி தொடங்கினது. நான் ஓட்டம் விடுற இடத்துக்குப் பின்னாலை, கயித்துக்கு வெளியிலை நிண்டன். ஜெசிதா வெள்ளைத் தொப்பி, சிவப்பு மேலங்கி. முதல் நாலு வெடியும் நல்லாப் போச்சுது. ஒவ்வொரு வெடிக்கும் செபநாயகம் மாஸ்ரர் அங்காலையிருந்து வெள்ளைக்கொடி காட்டினார், புகை தெரியுதாம். ஜெசிதா என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சாள். ஐஞ்சாவது, பதினெட்டு வயசுக்குக் கீழ்ப்பட்ட பெண்பிள்ளையளின்ரை நூறு மீற்றர். அவள் கையை உயத்தி, "ஆயத்தம்" எண்டு சொல்லிச் சுட்டாள்.

அந்தச் சத்தம் மற்றச் சத்தம் மாதிரி இல்லை. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். நான் நிலத்திலை விழுந்து படுத்திட்டன். பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு, என்ரை பிள்ளையை விட்டிட்டு நான் நிலத்திலை படுத்திட்டன். எழும்பிப் பாக்க அவள் நிண்டபடி நிக்கிறாள். கை உயத்தினபடி இருக்கு. பிஸ்ரலின்ரை பாதியைக் காணேல்லை. ஓடின பிள்ளையளுக்கு ஒண்டும் தெரியாது, அவையள் ஓடிக்கொண்டிருக்கினம். அங்காலை எட்டுப் பேரும் புகையைக் கண்டு மணிக்கூட்டை அமத்திப் போட்டினம். சனம் கை தட்டுது. ஓட்டம் முடிஞ்சு முதல் வந்த பிள்ளைக்கு நேரமும் எழுதிப் போட்டினம், பிறகுதான் இஞ்சாலை பாத்தவை.

நான் கயித்துக்குள்ளாலை பூந்து ஓடிப் போய், என்ரை சேட்டைக் கழட்டி அவளின்ரை கையைச் சுத்தினன். சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை. பெருவிரல் தொங்கிக்கொண்டிருந்தது. புருவத்திலை ஒரு வெட்டு, கண்ணுக்கு ஒண்டுமில்லை, மாதாவின்ரை புண்ணியம். ஆம்புலன்ஸ் வரமுந்தி ஒரு ஓட்டோவிலை ஏத்தினன். அவள் அழேல்லை. வழியிலை என்ரை தோளிலை சாஞ்சு காதுக்குள்ளை சொன்னாள், "மாமா, நீங்கள் உதுக்குள்ளை இல்லை. நான்தான் நிறைச்சனான். உங்களை ஒருக்காக் கொண்டுபோனவை, இன்னொருக்கா விடமாட்டினம். வாயைத் திறக்காதேங்கோ."

பழைய மருந்து ஏன் இப்பிடி வெடிச்சது எண்டு அவள் கேக்கேல்லை. நான் அவளுக்குப் பொய் சொன்னது அவளுக்கு அப்பவே விளங்கியிருக்கும். சாமான் ஏலவே கையிலை வெடிச்சுப் போச்சு, இனி என்னத்தை விளங்கி.

கேள்வி: அன்றே நீர் ஏன் பொலிசாரிடம் வரவில்லை?

பதில்: பயம். வேறை காரணம் சொன்னால் அது பொய். வெள்ளி பின்னேரமே மிச்ச மருந்தைக் கடலிலை கொட்டினன். சனிக்கிழமை நீங்கள் பட்டறைக்கு வந்து விசாரிச்சபோது, எனக்கொண்டும் தெரியாதெண்டு சொன்னனான், அதையும் எழுதுங்கோ. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனன், நற்கருணை எடுக்கேல்லை. பெர்னடெட்டுக்கு ஒண்டும் தெரியாது. தன்ரை பிள்ளை எங்கையோ கள்ளமா மருந்து வாங்கி விசர்வேலை பாத்துப் போட்டாள் எண்டு எனக்குச் சொல்லிச் சொல்லி அழுகிறா. "பாவம் அண்ணை, நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்லை" எண்டு எனக்கு மீன் பொரிச்சுக் கொண்டுவந்து தந்தவ. சாப்பிட்டன். சாப்பிட்டிட்டு இருந்தன்.

நேற்று நீதவான் வாட்டுக்கு வந்து மார்ச் மூண்டாந் திகதி மட்டும் அவளை விளக்கமறியலிலை வைக்கச் சொன்னவராம். வெடிபொருள் வழக்கெண்டால் கெதியிலை பிணை கிடையாதாம், வேலையும் போகுமாம். இண்டைக்குக் காலமை ஆறு மணிக்கு ரீ கொண்டு போனன். வலக்கை முழங்கை மட்டும் துணி. இடக்கையைக் கட்டில் கம்பியோடை விலங்கு போட்டிருக்கு. பெர்னடெட் பாணைப் பிச்சுத் தோய்ச்சு அவளின்ரை வாயிலை தீத்துறா. கட்டிலுக்குப் பக்கத்திலை ஒரு பொம்பிளைப் பொலிஸ் இருந்து பாத்துக்கொண்டிருக்கிறா. ஜெசிதா என்னைக் கண்டவுடனை வாயிலை இருந்ததையும் விழுங்காமல், போங்கோ எண்டு தலையை ஆட்டினாள். நான் ரீயை வைச்சிட்டு நேரே இஞ்சை வந்து, நீங்கள் கூப்பிடுமட்டும் வாசலிலை இருந்தனான்.

கேள்வி: நீர் மருமகளைக் காப்பாற்றப் பொய் சொல்லவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?

பதில்: பட்டறையிலை, கழட்டின காபிரேற்றர்கள் போட்ட பெட்டிக்கு அடியிலை நாலு தோட்டா மிச்சம் இருக்கு. அதுகளை ரின்னுக்குள்ளை போட மறந்து போனன், கடலிலை போடவும் மனம் வரேல்லை. கையோடை கொண்டு வந்திருப்பன், கொண்டு வந்தால் வாசலிலையே உங்கடை ஆக்கள் என்னைச் சுட்டுப்போடுவினம். வேலை தெரிஞ்ச ஆளை அனுப்பிப் பிரிச்சுப் பாருங்கோ, ரெண்டு நிறம் இருக்கும். அவளைப் போய்க் கேளுங்கோ, உள்ளை எத்தினை மருந்து, என்ன நிறம் எண்டு. அவளுக்குச் சொல்லத் தெரியாது. கறுப்பு எண்டுதான் சொல்லுவாள்.

கேள்வி: இதைச் சொல்வதால் உமக்கு என்ன நடக்கும் என்று விளங்குகிறதா?

பதில்: ஒருக்கா இருந்திட்டு வந்தவனுக்கு விளங்காமல் ஆருக்கு விளங்கும்? மறியலிலை உடுக்கச் சாரமும் பிறசர் குளுசையும் இந்தப் பையுக்குள்ளை கொண்டு வந்திட்டன்.

இந்த இடத்திலை இன்ஸ்பெக்டர் ஜெசிதாவின்ரை வாக்குமூலத்தை எடுத்து எனக்கு முன்னாலை வைச்சு, "அவளே ஒப்புக்கொண்டு ஒப்பம் வைச்சிருக்கிறாள், பாரும்" எண்டு சொன்னவர். பாத்தன். கடைசிப் பக்கத்திலை ஒப்பம் இல்லை. இடக்கைப் பெருவிரலின்ரை மை அடையாளம்தான் இருக்கு. அவள் பட்டம் எடுத்தவள் சேர். போன வருசம் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் முழுக்க அவளின்ரை கையெழுத்து, அவ்வளவு வடிவா எழுதுவாள். எழுதத் தெரியாத ஆக்களுக்கு வைக்கிற அடையாளத்தை அவளிட்டை வாங்கியிருக்கிறியள், வேறை என்ன செய்வியள், அவளுக்கு வலக்கை இல்லை. நான் எட்டாம் வகுப்பு. என்ரை ரெண்டு கையும் முழுசா இருக்கு.

மேலே உள்ளதைக் கான்ஸ்ரபிள் ஜெரோசன் நான் சொல்லச் சொல்ல எழுதினவர். எழுதி முடிய நானே வாசிச்சன். அடிக்கவேண்டிய இடம் ஒண்டும் இல்லை, சேக்கவேண்டியதும் இல்லை, உள்ளதெல்லாம் நடந்தது. ஒருவரும் என்னை வெருட்டேல்லை, ஆசை காட்டவும் இல்லை. கான்ஸ்ரபிள் மைப்பெட்டியை முன்னுக்குத் தள்ளினவர், நான் வேண்டாமெண்டு பேனையைக் கேட்டு வாங்கி, மருந்து கலந்த இதே வலக்கையாலை ஒப்பமிடுறன்.

பா. கனிசியஸ்